முட்டி இடிக்காத மோட்டார்

என் உயரம் 188 சென்டிமீட்டர். பழைய கணக்கில் ஆறடி இரண்டு அங்குலம். நேரில் சந்திக்கும் நேயர்கள் முதலில் என் முகத்தைப் பார்ப்பதில்லை, அண்ணாந்து பார்க்கிறார்கள். "வானொலில கேட்கும்போது நீங்க இவ்ளோ உயரம்னு தெரியலையே" என்பார்கள். குரலில் எப்படி உயரம் தெரியும் என்று நானும் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவேன்.

ஒலிப்பதிவுக் கூடத்தில் என் உயரம் ஒரு பிரச்சினையே இல்லை. நாற்காலியை ஏற்றி, மைக்கைத் தூக்கி வைத்தால் முடிந்தது. பிரச்சினை எல்லாம் அங்கே போய்ச் சேரும் வழியில்தான். ஒன்பது வருடங்களாக நான் வேலைக்குப் போய்வந்தது அப்பாவின் ஹோண்டா இஎக்ஸ்5 மோட்டாரில். அப்பாவின் உயரம் 165 சென்டிமீட்டர்.

காலை நிகழ்ச்சி 6 மணிக்குத் தொடங்கும். ஐந்தேகாலுக்கு நான் கூடத்தில் இருக்க வேண்டும். சுபாங் ஜெயாவில் எல்ஆர்டி நிலையம் நடக்கிற தூரத்தில்தான் இருக்கிறது, ஆனால் அந்த நேரத்தில் ரயில் கிடையாது. வீட்டில் இருக்கிற ஒரே காரில் என் மனைவி மகளைக் குழந்தை பராமரிப்பு இல்லத்தில் விட்டுவிட்டுப் பள்ளிக்குப் போக வேண்டும். அவர் தமிழ்ப்பள்ளி ஆசிரியை, ஏழேகாலுக்குள் கையெழுத்துப் போட வேண்டும். ஆகவே 4.40-க்கு நான் வாசல் கேட்டைச் சத்தம் வராமல் திறந்து, இஎக்ஸ்5-ஐத் தள்ளிக்கொண்டு தெருமுனை வரை போய், அங்கே உதைத்துக் கிளப்புவேன். அக்கம்பக்கத்தாரின் தூக்கம் கெடக்கூடாது அல்லவா.

அந்த வண்டியில் நான் உட்கார்ந்திருக்கும் கோலத்தை ஒருநாள் சக அறிவிப்பாளர் ஒருவர் பின்னாலிருந்து படம் எடுத்து அலுவலகக் குழுவில் போட்டுவிட்டார். சர்க்கஸில் கரடி சைக்கிள் ஓட்டுமே, அதேதான். இரண்டு முட்டிகளும் பக்கத்துக்கு ஒன்றாக வெளியே விரிந்து, முதுகு கேள்விக்குறி போல் வளைந்து. நானும்தான் சிரித்தேன். படத்தில் இன்னொன்றையும் கவனித்தேன். பின்விளக்கு பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது. நான் பிரேக் பிடிக்கவே இல்லை. என் சப்பாத்து 46-ஆம் எண். கால்மிதியில் பாதத்தை வைத்தால் நுனி தானாகவே பிரேக் பெடல் மேல் போய் உட்கார்ந்துவிடுகிறது. எத்தனை வருடம் எனக்குப் பின்னால் வந்தவர்களைக் குழப்பியிருக்கிறேனோ தெரியாது. மோட்டார் பாதையில் சிலர் ஏன் ஹாரன் அடித்துத் திட்டிக்கொண்டே முந்திப் போனார்கள் என்பது அன்றைக்குத்தான் புரிந்தது.

வலி மெதுவாகத்தான் வந்தது. முதலில் வலது முட்டி. அப்புறம் இடுப்புக்குக் கீழே, உட்காரும் இடத்திலிருந்து தொடையின் பின்பக்கமாக இறங்கும் ஓர் இழுப்பு. நிகழ்ச்சியில் பாட்டு ஓடும் நான்கு நிமிடமும் எழுந்து நின்றுகொள்வேன். சுபாங்கில் ஒரு கிளினிக்கில் காட்டினேன். டாக்டர் என் முட்டியை மடக்கிப் பார்த்துவிட்டு, "என்ன ஓட்டுறீங்க?" என்று கேட்டார். சொன்னேன். என்னை ஒருமுறை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். "மாத்திரை எழுதித் தரலாம். நீங்க தினமும் போக வர ஒரு மணி நேரம் குந்திக்கிட்டே வேலைக்குப் போறீங்க. அத நிறுத்துற வரைக்கும் நான் தர்றது சும்மா ஒட்டுப் போடற கதைதான்" என்றார்.

நான் நிறுத்தவில்லை. மாத்திரையைத்தான் வாங்கிக்கொண்டு வந்தேன்.

நிறுத்த வைத்தது ஒரு மழை. கூட்டரசு நெடுஞ்சாலையின் மோட்டார் பாதையில் போய்ப் பழகியவர்களுக்கு அதன் குணம் தெரியும். 1970-களில் கட்டப்பட்ட பாதை. மோட்டார் சைக்கிளுக்கென்றே தனியாகப் போடப்பட்ட முதல் பாதை உலகத்திலேயே இதுதான் என்பார்கள். கார், லாரிகளிலிருந்து நம்மைப் பிரித்து வைப்பதால் எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறது. ஆனால் மேம்பாலச் சந்திப்புகள் வரும் இடங்களில் பாதை திடீரென்று வளைந்து, குறுகிய சுரங்கத்துக்குள் இறங்கி, மறுபக்கம் ஏறும். மழை வந்தால் அந்தச் சுரங்கங்கள்தான் எங்களுக்குக் குடை. வண்டியை ஓரமாக நிறுத்தி மழைச் சட்டை மாட்டுவார்கள், சிலர் சிகரெட் பற்ற வைப்பார்கள்.

அன்றைக்கு விடியற்காலை ஐந்து மணி இருக்கும். பெட்டாலிங் ஜெயா பக்கம் ஒரு சுரங்கத்துக்குள் மெதுவாகத்தான் இறங்கினேன். வளைவு திரும்பியதும் முன்னால் நான்கைந்து மோட்டார்கள். ஒன்று ஏறக்குறைய நடுப்பாதையில் நிற்கிறது. இடது பக்கம் போக இடமிருந்தது. கைப்பிடியை இடப்பக்கம் ஒடித்தேன். அது பாதி திரும்பி நின்றுவிட்டது. என் இடது முட்டி குறுக்கே இருந்தது. கைப்பிடி முனை முட்டியில் இடித்து, திரும்ப வேண்டிய வண்டி திரும்பாமல் நேராகப் போனது. வலது காலால் பிரேக்கைத் தேடினால், கோணிக்கொண்டிருந்த பாதம் பெடலுக்கு வெளியே இருக்கிறது. முன் பிரேக்கை மட்டும் அழுத்தி, ஈரத் தரையில் சறுக்கி, நின்ற மோட்டாரின் பின்சக்கரத்தைத் தொட்டு, சுவரில் தோள் உரசி நின்றேன்.

மழைச் சட்டையை ஒரு கையில் மாட்டியபடி ஒரு மலாய் இளைஞர் ஓடிவந்தார். "பாங், ஓகே கா?" ஓகேதான். ஒரு கண்ணாடி உடைந்தது, தோளில் சிராய்ப்பு. அவருடைய வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஐம்பது வெள்ளியை நீட்டினேன், வாங்கவில்லை. அன்று நிகழ்ச்சியில் போக்குவரத்துத் தகவல் வாசிக்கும்போது என் குரல் வழக்கம்போல்தான் இருந்தது. ஒலிப்பதிவைப் பிறகு கேட்டுப் பார்த்தேன்.

வீட்டில் சொல்லாமல் இருக்கலாம் என்றுதான் நினைத்தேன். உடைந்த கண்ணாடி சொல்லிவிட்டது. மனைவி கோபப்படவில்லை. "நம்ம நாட்டுல ரோட்டுல சாகறவங்கள்ல அறுபது விழுக்காட்டுக்கு மேல மோட்டார்காரங்கதான்னு நீங்கதானே வாசிக்கிறீங்க" என்று மட்டும் கேட்டார். நான்தான் வாசிக்கிறேன். பெருநாள் காலத்து ஓப்ஸ் நடவடிக்கை அறிவிப்புகளில் எத்தனை முறை வாசித்திருப்பேன்!

மோட்டாரை விடுவதா, மாற்றுவதா? விட்டால் இரண்டாவது கார், அதற்குத் தவணை, தலைநகரில் நிறுத்துமிடக் கட்டணம். கணக்குப் போட்டுப் பார்த்தோம், கட்டுப்படியாகவில்லை. மாற்றுவது என்று முடிவானது. என் உயரத்துக்கு ஒரு மோட்டார். கேட்கச் சுலபமாக இருக்கிறது. தேடித் திரிந்தது மொத்தம் ஐந்து மாதம்.

முதலில் கப்சாய் மீது வருத்தம் எதுவும் இல்லை என்று சொல்லிவிட வேண்டும். 1958-இல் ஜப்பானில் ஹோண்டா சூப்பர் கப் வந்தது. நூடல்ஸ் கொண்டுபோய்க் கொடுக்கும் பையன் ஒரு கையில் தட்டைப் பிடித்துக்கொண்டு மறு கையால் ஓட்ட வேண்டும் என்பதற்காகவே இடது கைக்கு கிளட்ச் வைக்காமல் செய்தார்கள் என்பது பிரபலமான கதை. அதே ஆண்டில் பினாங்கு லோ பூன் சியூ ஹோண்டாவை மலாயாவுக்குக் கொண்டுவந்தார். 'கப்' என்ற பெயரோடு, சின்னது என்ற பொருளில் சீனக் கிளைமொழியின் 'சாய்' ஒட்டிக்கொண்டு கப்சாய் ஆனது. 2017-க்குள் உலகம் முழுவதும் அந்த வகை வண்டி 10 கோடியைத் தாண்டிவிட்டது. இன்று சுபாங் ஜெயாவாக நிற்கிற இந்த மண் 1970-களின் நடுவில்கூட சீபீல்டு தோட்டம்தான். தோட்டத்துச் செம்மண் சாலையில் கப்சாய் ஓட்டிப் பழகியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று அதே இடத்தில் உணவு விநியோகம் செய்கிறார்கள், பெரும்பாலும் கப்சாயில்தான். எந்த உடம்புக்குச் செய்யப்பட்டதோ அந்த உடம்புக்கு அதைவிட நல்ல வண்டி கிடையாது. என் உடம்பு அந்தக் கணக்கில் இல்லை, அவ்வளவுதான்.

முதல் முயற்சி, இருக்கிற வண்டியைச் சரிசெய்வது. கிள்ளானில் குஷன் தைக்கும் அண்ணன் ஒருவரிடம் போனேன். இஎக்ஸ்5 இருக்கையில் நான்கு சென்டிமீட்டர் கூடுதலாக ஃபோம் வைத்துத் தைத்துக் கொடுத்தார். இருக்கை உயர்ந்தால் கால்மிதிக்கும் இடுப்புக்கும் இடைவெளி கூடும், முட்டி கொஞ்சம் விரியும். என் கால் நீளத்துக்கு நான்கு சென்டிமீட்டர் என்பது ஐந்தாறு டிகிரி. இரண்டு வாரம் சொர்க்கமாக இருந்தது. மூன்றாவது வாரம் மணிக்கட்டும் கழுத்தும் வலிக்கத் தொடங்கின. நான் உயர்ந்தேன், கைப்பிடி இருந்த இடத்திலேயே இருந்தது. இன்னும் அதிகமாகக் குனிய வேண்டியதாயிற்று. மற்ற மோட்டார்களில் கைப்பிடிக்கு அடியில் ஓர் உயர்த்தியை வைத்து மேலே தூக்கலாம். இஎக்ஸ்5-இல் கைப்பிடி பிளாஸ்டிக் உறைக்குள் அடங்கியது, அந்த வசதி இல்லை.

திரும்பவும் அந்த அண்ணனிடமே போனேன். இன்னும் உயர்த்தச் சொன்னேன். அவர் தைக்கும் ஊசியைக் கீழே வைத்துவிட்டு, "காசு வாங்கிக்கிட்டு செஞ்சு குடுத்துடலாம் தம்பி. ஆனா நீங்க மறுபடியும் வருவீங்க. உங்களுக்கு சீட்டுல பிரச்சினை இல்ல, கால் வைக்கற எடத்துல இருக்கு. அத நான் தைக்க முடியாது" என்றார். இன்றைக்கும் கிள்ளான் பக்கம் போனால் அவருக்கு ஒரு தே தாரிக் கட்டிக்கொண்டு போய்க் கொடுக்கிறேன்.

பட்டறை அங்கிள் ஒருவர் பின்பக்க அப்சோர்பரை நீளமானதாக மாற்றலாம் என்றார். அதைச் செய்த நண்பன் ஒருவனின் வண்டியைப் பார்த்தேன். பின்பக்கம் எழும்பியதால் முன்சக்கரம் இன்னும் செங்குத்தாகி, திருப்பும்போது படபடக்கிறது. பக்கவாட்டு ஸ்டாண்டு குட்டையாகிப் போய், நிறுத்தினால் வண்டி படுக்கிற மாதிரி சாய்கிறது. வண்டியின் அமைப்பில் கை வைத்தால் ஜேபிஜே சோதனைக்கும் காப்புறுதிக்கும் பதில் சொல்ல வேண்டும் என்பது தனி. வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

ஆகவே புது வண்டி, அல்லது புதுசுபோல் ஒரு பழைய வண்டி. சனிக்கிழமைகளில் ஒவ்வொரு கடையாக ஏறி இறங்கினேன். கையில் ஓர் அளவு நாடா. கடைக்காரர்கள் என்னைத் தையற்காரன் என்று நினைத்திருப்பார்கள்.

விளம்பரத் தாளில் எல்லா வண்டிக்கும் இருக்கை உயரம் போட்டிருப்பார்கள். யமாஹா ஒய்15இசட்ஆர் 780 மில்லிமீட்டர், மொடெனாஸ் பல்சார் என்எஸ்200 805, கவாசாகி வெர்சிஸ்-எக்ஸ் 250 815. நானும் அதை வைத்துத்தான் பட்டியல் போட்டேன். எண் பெரியதாக இருந்தால் எனக்கு நல்லது என்று நினைத்தேன். அது பாதிதான் உண்மை. இருக்கை உயரம் என்பது தரையிலிருந்து அளப்பது. கால் தரையில் எட்டுமா என்று பயப்படும் குள்ளமானவர்களுக்கு அந்த எண் உயிர். எனக்குத் தரை எப்போதும் எட்டும். எனக்கு வேண்டியது இருக்கைக்கும் கால்மிதிக்கும் நடுவே எவ்வளவு இடம் என்பது. நான் பார்த்த எந்த விளம்பரத் தாளிலும் அது இல்லை. விளையாட்டு ரக மோட்டார்களில் இருக்கை உயரமாகவே இருக்கும், ஆனால் கால்மிதியைப் பின்னுக்குத் தள்ளி மேலே ஏற்றி வைத்திருப்பார்கள். வளைவில் சாயும்போது மிதி தரையில் உரசாமல் இருப்பதற்காக அப்படி. அதில் உட்கார்ந்தால் என் முட்டி கப்சாயில் இருந்ததைவிட மோசமாக மடங்கியது.

ரேஸ் ஓட்டுகிற நெட்டையர்கள் இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறார்கள். இத்தாலியின் மார்க்கோ சிமோன்செல்லி 183 சென்டிமீட்டர். அந்தக் கால் கைகளையெல்லாம் மடித்து ஒரு 250 சிசி வண்டிக்குள் அடைத்துக்கொண்டு, 2008-இல் நம்முடைய சிப்பாங் திடலில்தான் உலக வெற்றியாளர் பட்டத்தை உறுதிசெய்தார். மூன்றாண்டுகள் கழித்து, 2011 அக்டோபர் 23-ஆம் தேதி, அதே சிப்பாங்கில் விபத்தில் இறந்தார். அவருடைய பழைய படங்களைப் பார்க்கும்போதெல்லாம் அந்த முட்டிகளைத்தான் முதலில் பார்க்கிறேன். ஆனால் பந்தயம் முக்கால் மணி நேரம். வேலைக்குப் போவது தினமும்.

என் அளவெடுக்கும் முறை இதுதான், யாருக்காவது பயன்படலாம். வீட்டில் சுவரோடு முதுகை ஒட்டி, சப்பாத்து இல்லாமல் நின்று, ஒரு கனமான புத்தகத்தைக் கால்களுக்கு நடுவே மேலே கொண்டுபோய் இடுக்கி, புத்தகத்தின் மேல் விளிம்பிலிருந்து தரைவரை அளக்க வேண்டும். அதுதான் உண்மையான கால் நீளம். எனக்கு 90 சென்டிமீட்டர். காற்சட்டைக் கடையில் சொல்லும் அளவை நம்பக்கூடாது. கடைக்குப் போனதும் வண்டியை நடு ஸ்டாண்டில் போட்டோ, யாரையாவது பிடித்துக்கொள்ளச் சொல்லியோ, இரண்டு காலையும் மிதியில் வைத்து உட்கார வேண்டும். மனைவியையோ நண்பரையோ பக்கவாட்டில் நின்று கைப்பேசியில் படம் எடுக்கச் சொல்ல வேண்டும். படத்தில் முட்டி எந்தக் கோணத்தில் மடங்கியிருக்கிறது என்பது அப்பட்டமாகத் தெரியும். இஎக்ஸ்5-இல் எனக்கு 70 டிகிரிகூட வரவில்லை. 90-க்குக் கீழே போனால் என் முட்டி அரை மணி நேரத்தில் பேச ஆரம்பித்துவிடும். பிறகு கைப்பிடியை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பார்க்க வேண்டும். முட்டியில் படுகிறதா? சுரங்கத்தில் எனக்கு நடந்தது கடைக்குள்ளேயே தெரிந்திருக்கும்.

இரண்டு நிமிடம் உட்கார்ந்து பார்ப்பது போதாது. எல்லா இருக்கையும் இரண்டு நிமிடத்துக்கு நன்றாகத்தான் இருக்கும். பெட்டாலிங் ஜெயாவில் ஒரு கடையில் பத்து நிமிடம் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். விற்பனைப் பெண் இரண்டு முறை வந்து "சார், தண்ணி ஏதும் வேணுமா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

மனசுக்குப் பிடித்துப்போன வண்டி ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன். சென்னையில் செய்த வண்டி என்பதால் எனக்குக் கொஞ்சம் பாசம் அதிகம், ஒப்புக்கொள்கிறேன். திருவொற்றியூரில் தொடங்கிய தொழிற்சாலையின் வாரிசு. பழைய ஹிமாலயனின் இருக்கை 800 மில்லிமீட்டர்தான், ஒய்15-ஐவிட இரண்டே சென்டிமீட்டர் அதிகம். ஆனால் ஏறி உட்கார்ந்ததும் ஏதோ நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி இருந்தது. மிதி கீழே, முட்டி தளர்வாக, கைப்பிடி நெஞ்சுக்கு நேராக. புதிய 450-இலோ இருக்கையை 825-லிருந்து 845 வரை ஏற்றிக்கொள்ளலாம். வண்டியை விட்டு இறங்க மனமில்லை. கடைக்காரர் கேட்டார்: "லெசென் அப்பா?" பி2 என்றேன். அவர் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டேன். பி2 உரிமத்தில் 250 சிசி வரைதான். பழைய ஹிமாலயன் 411, புதியது 452. நம்மில் பெரும்பாலோரைப் போல நானும் பதினேழு வயதில் பி2 எடுத்ததோடு நின்றவன்.

அந்தத் தேர்வு இன்னும் நினைவிருக்கிறது. குறுகிய மேடைப் பலகைமேல் விழாமல் மெதுவாக ஓட்ட வேண்டும், 'தித்தி' என்பார்களே அது. ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியின் குட்டி கப்சாயில் என் முட்டிகள் இரண்டும் சிறகு மாதிரி விரிந்திருந்தன. வரிசையில் நின்றவர்கள் "தியாங் லாம்பு" என்று கத்தினார்கள். விளக்குக் கம்பம்! முதல் முறை விழுந்தேன். இரண்டாம் முறை, சிரிக்கிறவர்களைப் பார்க்காமல் பலகையின் முனையை மட்டும் பார்த்து ஓட்டித் தேறினேன்.

உரிமத்தை உயர்த்திக்கொள்ளலாம், அதற்கு வகுப்பும் தேர்வும் இருக்கின்றன. மனைவியிடம் பேச்சை எடுத்தேன். "உங்களுக்கு வேண்டியது காலுக்கு எடமா, இல்ல வேகமா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. 110 கிலோமீட்டர் வேகத்தைத் தொட எனக்கு எந்த அவசரமும் இல்லை. மோட்டார் பாதையின் வளைவுகளில் அது யாருக்கும் நல்லதும் இல்லை.

கடைசியில் பழைய வெர்சிஸ்-எக்ஸ் 250 ஒன்று கிடைத்தது. பி2-க்குள் அடங்கும். நெடும்பயண ரகம் என்பதால் உட்காரும் விதம் நிமிர்வாக இருக்கும். எங்கள் தாமானிலிருந்து இரண்டு தெரு தள்ளி, வெளிநாடு போகும் ஒருவர் விற்றார். கால்மிதியில் கால் வைத்து மனைவி எடுத்த படத்தில் முட்டி 90-ஐத் தாண்டியிருந்தது. கைப்பிடியை இரண்டு பக்கமும் ஒடித்தேன், எதிலும் படவில்லை. அங்கேயே முன்பணம் கொடுத்துவிட்டேன். பேரம் பேச மறந்ததற்கு வீடு வரும்வரை பேச்சு வாங்கினேன்.

வாங்கியதோடு வேலை முடிந்துவிடவில்லை. கடையிலிருந்து வரும் எந்த மோட்டாரும் ஒரு நடுத்தர உடம்புக்காக முடுக்கி வைக்கப்பட்டது. என் பட்டறை அங்கிள் முதலில் கியர் பெடலைக் கொஞ்சம் மேலே தூக்கி வைத்தார். 46-ஆம் எண் சப்பாத்து இப்போது அதன் அடியில் தாராளமாக நுழைகிறது. பிரேக் பெடலைக் கொஞ்சம் கீழே இறக்கினார். பின்விளக்கு இப்போது நான் பிரேக் பிடித்தால் மட்டும் எரிகிறது, தெருவில் நிற்க வைத்து உறுதிப்படுத்திக்கொண்டேன். கைப்பிடியைப் பிடித்திருக்கும் கிளாம்பைத் தளர்த்தி, சற்று முன்னால் சாய்த்து முடுக்கினார். என் எடை 92 கிலோ, பின்னால் மனைவியும் ஏறினால் வண்டியின் பின்பக்கம் அமுங்கி முன்விளக்கு எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும். பின் ஸ்பிரிங்கை இறுக்கினார். எல்லாவற்றுக்குமாகச் சேர்த்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. இவற்றில் எதுவும் வண்டியின் அமைப்பை மாற்றுவதில்லை, ஒரு ஸ்பேனர் போதும். ஒன்பது வருடம் நான் இஎக்ஸ்5-இல் பெடலைக்கூடத் தொட்டுப் பார்த்ததில்லை என்று நினைத்தால் வெட்கமாகத்தான் இருக்கிறது.

எதிர்பாராத தொல்லை ஒன்று வந்தது. காற்றுத் தடுப்புக் கண்ணாடி. நடுத்தர உயரக்காரர்களுக்கு அது காற்றைத் தலைக்கு மேலே தூக்கி அனுப்பிவிடும். எனக்கு அந்தக் காற்று சுழன்று வந்து நேராகத் தலைக்கவசத்தின் கண்ணாடியில் மோதியது. 80 கிலோமீட்டர் வேகத்தில் தலைக்கவசத்துக்குள் உறுமி மேளம். கூடத்துக்குப் போய் ஹெட்ஃபோனை மாட்டினால் பத்து நிமிடத்துக்குக் காதுக்குள் இரைச்சல் அடங்கவில்லை. காதை வைத்துப் பிழைக்கிறவன் நான். உயரமான கண்ணாடி மாட்டலாமா என்று யோசித்து, பிறகு ஒரு பரிசோதனையாக இருந்ததையும் கழற்றிப் பார்த்தேன். காற்று இப்போது நெஞ்சில் நேராக வந்து படுகிறது, ஆனால் சுழலாமல், ஒரே சீராக. தலைக்கவசத்துக்குள் அமைதி. நெட்டையர்களுக்குப் பெரிய கண்ணாடிதான் தீர்வு என்று எல்லோரும் சொல்வார்கள். இரண்டையும் பார்த்துவிட்டுத்தான் செலவு செய்ய வேண்டும் என்பேன்.

மழைச் சட்டை மட்டும் இன்னும் தீராத பிரச்சினை. இரண்டு எக்ஸ்எல் வாங்கினாலும் உட்கார்ந்தவுடன் காற்சட்டை கெண்டைக்கால் வரை ஏறிவிடுகிறது, தண்ணீர் நேராகச் சப்பாத்துக்குள். மாற்றுக் காலுறை ஒரு ஜோடி எப்போதும் என் மேசை இழுப்பறையில் இருக்கும்.

ஏழு மாதம் ஆகிறது. முட்டி வலி முழுவதும் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். குளிர்சாதன அறையில் இரண்டு மணி நேரம் தொடர்ந்து உட்கார்ந்தால் இன்னும் எட்டிப் பார்க்கிறது. தொடையின் இழுப்பு மட்டும் அறவே இல்லை. பாட்டு ஓடும்போது உட்கார்ந்தே இருக்கிறேன்.

இஎக்ஸ்5-ஐ விற்றுவிடலாமா என்று அப்பாவிடம் கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை, சந்தைக்குப் போக வேண்டும், சாவியைக் கொடு என்றார். கிள்ளான் அண்ணன் தைத்துக் கொடுத்த உயர இருக்கையைக் கழற்றி, ஸ்டோரில் கிடந்த பழைய இருக்கையை அவரே துடைத்துப் பூட்டினார். என் வெர்சிஸ் பக்கத்தில் நின்றது. ஏறிப் பாருங்கள் என்றேன். ஏறினார். இரண்டு பக்கமும் கால் தொங்கியது, விரல் நுனி மட்டும் சிமெண்டுத் தரையைத் தேடியது. "இதுல நீ எப்படிடா ஒக்கார்ற?" என்று கேட்டபடி என் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.

பிறகு இஎக்ஸ்5-இல் உட்கார்ந்தார். பாதம் இரண்டும் தரையில் சமமாகப் படிந்தன, முழங்கை சற்றே மடங்கி, முதுகு நேராக. ஒன்பது வருடத்தில் அந்த வண்டியை அவ்வளவு அழகாக நான் பார்த்ததில்லை. கிளப்புவதற்கு முன் இரண்டு கண்ணாடிகளையும் பார்த்தார். இரண்டும் வானத்தைக் காட்டிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றாகப் பிடித்துக் கீழே இறக்கினார்.